ஒரு படத்து நாயகி

ஒரே ஒரு படத்தில் நடித்து, அந்தப் படத்தாலேயே ஊரையும் பெயரையும் இழந்த நடிகை ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகிறேன். அவர் பெயர் பி. கே. ரோசி.

மலையாளத்தின் முதல் திரைப்படம் ‘விகதகுமாரன்’ என்னும் பேசாப் படம். அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் தம் நிலத்தை விற்று அதனை எடுத்தார். நடிப்பதைப் பெண்களுக்கு இழிவெனக் கருதிய காலம் அது. காக்காரிசி நாடகங்களில் நடித்துவந்த ரோசி துணிந்து முன்வந்தார். அவர் புலையர் குலத்தவர். ஏற்ற வேடமோ சரோஜினி என்னும் நாயர் குலப் பெண். அதுவே வினையாயிற்று.

1930-ஐ ஒட்டிய காலத்தில், திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில் படம் திரையிடப்பட்டது. தாம் நடித்த படத்தை அங்கே அமர்ந்து காணும் உரிமை ரோசிக்கு இல்லை. தாழ்த்தப்பட்ட குலத்தவர் நாயர் மங்கையாகத் தோன்றுவதைப் பொறாதவர்கள் திரைமீது கல்லெறிந்தனர். உயிருக்கு அஞ்சிய ரோசி லாரி ஒன்றில் ஏறித் தப்பினார். லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார்.

டேனியலும் பொருளிழந்து 1975-இல் காலமானார். அவர் பெயரால் 1992 முதல் கேரள அரசு விருது வழங்குகிறது. ரோசியின் பெயரால் திரைப்படக் கழகம் ஒன்று தோன்றியதோ 2019-இல்தான். ஒரே படத்தால் வீழ்ந்த இருவரை நாம் நினைவுகூர்ந்ததில் 27 ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியையும் வரலாற்றின் ஒரு பகுதியாகவே நீங்கள் படிக்கவேண்டும் என்பேன்.