கந்தளாய் – கொட்டியாறு முஸ்லிம்கள்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாற்றுக் குடாவை ஒட்டிய மூதூர், கிண்ணியா, தோப்பூர் ஊர்களிலும், உள்நாட்டில் கந்தளாய்க் குளத்தை அண்டிய பேராறு முதலிய இடங்களிலும் வாழும் தமிழ் பேசும் இஸ்லாமியச் சமூகம். வயல், மீன்பிடி, வியாபாரம் மூன்றும் இவர்களின் பிழைப்பு. கரையையும் குளத்தையும் இணைப்பது அல்லை–கந்தளாய் வீதி.

இத்தீவில் முஸ்லிம்களின் பழைய தடயங்களில் ஒன்று, கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்லறைக் கல். அது பத்தாம் நூற்றாண்டினது என்பர். 1344இல் வந்த பயணி இப்னு பதூதா மேற்குக் கரையில் இறங்கி யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார், பாவாத மலை (சிவனொளிபாத மலை) ஏறினார். கிழக்குக் கரைக்கு அவர் வரவில்லை. கந்தளாயின் இடைக்காலக் கல்வெட்டுகள் பேசுவது அங்கிருந்த சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணர் குடியிருப்பைப் பற்றி. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார் என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. மகாசேனன் என்பாரும் இரண்டாம் அக்கபோதி என்பாரும் உண்டு. கோணேசர் கல்வெட்டு என்ற நூலோ குளக்கோட்டன் என்ற மன்னனைச் சொல்கிறது.

போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாக ஒரு செய்தி உண்டு. கொட்டியாற்றுக் குடும்பங்களில் எத்தனை அந்த வழி வந்தவை என்பது வாதத்துக்குரியது. கண்டி இராச்சியத்தின் கடல் வாசல்களில் கொட்டியாறும் ஒன்று. உப்பும் கருவாடும் துணியும் தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசைகளில் மலைநாட்டுக்கு ஏறின. பாக்கு கீழே இறங்கியது. மாட்டை ஓட்டியவர்களில் பலர் முஸ்லிம்கள். கண்டி மன்னர்கள் இப்போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என ஒரு திணைக்களம் வைத்திருந்தனர். 1660இல் பாய்மரத்தைச் சீர்செய்யக் கொட்டியாற்றில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலில் இருந்த றொபேட் நொக்ஸ் இங்குதான் பிடிபட்டார். சிறை பத்தொன்பது ஆண்டு நீண்டது, அதிலிருந்து ஒரு நல்ல புத்தகம் பிறந்தது.

பிரித்தானியர் காலத்தில் குளம் திருத்தப்பட்டது. சுதந்திரத்தை ஒட்டி வந்த குடியேற்றத் திட்டங்கள் கந்தளாயின் இனக் கணக்கை மாற்றின.

1980களில் தொடங்கிய போர்க்காலம் பற்றியே அதிகம் எழுதப்பட்டது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். புலிகளின் ஆளுகையைச் சர்வாதிகாரம் என்று அழைப்பதா, போரின் கெடுபிடி என்று விடுவதா என்பதில் தமிழ் எழுத்துலகம் இன்றும் பிளவுபட்டே நிற்கிறது. புலிகளை மறுத்துப் பேசியவர்கள் தமிழரிடையேயும் இருந்தனர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூதூர் பற்றிய விரிவான பதிவுகளில் ஒன்று அந்த அமைப்பினுடையது.

கிழக்கு முஸ்லிம்களின் எதிர்ப்பு பெரும்பாலும் ஹர்த்தாலாகவும் பள்ளிவாசல் கூட்டமாகவுமே இருந்தது. ஊர்காவல் படையில் துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்டு. அவர்கள் மேல் தமிழர் தரப்புக்குக் கடும் முறைப்பாடுகளும் உண்டு. 2002 ஏப்ரலில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். கப்பம் நிறுத்தப்படும், வயலுக்குப் போகலாம் என்றது அது. அதே ஆண்டு ஜூனில் மூதூரில் கலவரம்.

2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டின் மதகைப் புலிகள் மூடினர். ஆகஸ்ட் 2 அதிகாலை புலிகள் மூதூருக்குள் புகுந்தனர். படையினரின் எறிகணைகளும் ஊருக்குள் விழுந்தன. சனம் பள்ளிவாசல்களிலும் அரபுக் கல்லூரியிலும் ஒடுங்கியது. கல்லூரி மேலும் எறிகணை விழுந்து பலர் இறந்தனர். நான்காம் தேதி ஊரே எழுந்து கந்தளாய் நோக்கி நடந்தது. வழியில் கிரந்திமுனையில் புலிகள் மறித்து இளைஞர்களைப் பிரித்தெடுத்தனர்; முகமூடி அணிந்த ஒருவர் ஆள் காட்டினார் என்கின்றன பதிவுகள். அவ்விடத்திலும் எறிகணை விழ, கூட்டம் சிதறி ஓடியது. இறந்தோர் தொகையில் பதிவுகள் ஒத்துப்போவதில்லை. அதே நாள் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர்: 16 தமிழர், ஒரு முஸ்லிம். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அரச படைகளையே குற்றஞ்சாட்டியது, தண்டிக்கப்பட்டவர் எவருமில்லை.

கந்தளாய்க்கு வந்து சேர்ந்தவர்கள் 40,000க்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. பாடசாலைகள் நிரம்பின, வெளிகளில் கூடாரம் முளைத்தது. வந்தவர்கள் மாதம் திரும்புமுன் மூதூருக்குப் போகத் தொடங்கினர். விரும்பிப் போனார்களா, போக நெருக்கப்பட்டார்களா என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

போருக்குப் பிறகும் நெருக்கடிகள் ஓயவில்லை. 2020இல் கொவிட் தொற்றோடு இறந்த முஸ்லிம்களின் ஜனாசாக்களை அரசு கட்டாயமாக எரித்தது. பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டி மக்கள் எதிர்ப்புக் காட்டினர். 2021 தொடக்கத்தில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அடக்கும் இடமாக ஓட்டமாவடி ஒதுக்கப்பட்டது. 2022இல் அரகலய எனப்பட்ட மக்கள் எழுச்சியின்போது, கொழும்புக் காலிமுகத்திடலில் நோன்பு திறக்கும் நிகழ்வு நடந்தது. மே 9இல் பிரதமர் பதவியிலிருந்து விலகிய மகிந்த ராஜபக்ச மறுநாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் போக, வெளியே எதிர்ப்பாளர்கள் திரண்டனர்.