நான்கு வழிகள் நிலைத்த கதை

அஸர் தொழுகைக்கான பாங்கு எல்லாப் பள்ளிவாசல்களிலும் ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் அஸர் நேரம் முன்னதாகவே வந்துவிடும். திண்டுக்கல், பழனி போன்ற உள்நாட்டு ஊர்களில் பொதுவாகச் சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். கடிகாரக் கோளாறு ஒன்றுமில்லை. கடற்கரை மக்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். உள்நாட்டு மக்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அரபுக் கடல் வணிகத்தோடு வந்தது ஒன்று, வடக்கிலிருந்து தரைவழியாக வந்தது மற்றொன்று.

ஒரு குச்சியை வெயிலில் நட்டு வையுங்கள். உச்சி வேளையில் இருந்த நிழலைக் கழித்துவிட்டு, குச்சியின் நீளத்துக்குச் சமமாக நிழல் நீண்டதும் அஸர் வந்துவிட்டது என்பது ஷாஃபி சட்டம். இரண்டு மடங்கு நீள வேண்டும் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. வேடிக்கை என்னவென்றால், அவருடைய தலைமாணாக்கர்களான அபூ யூசுஃபும் முஹம்மது அல்-ஷைபானியும் ஒரு மடங்கே போதும் என்று ஆசிரியரிடமிருந்து மாறுபட்டார்கள். ஆனாலும் அந்த மூவரும் ஒரே மத்ஹபின் தூண்களாகத்தான் மதிக்கப்படுகிறார்கள்.

மத்ஹப் என்ற அரபுச் சொல்லுக்குப் போகும் வழி என்று பொருள். சுன்னி, ஷியா என்ற பிரிவு வேறு வகை. நபிகளுக்குப் பின் சமுதாயத்துக்குத் தலைமை யாருக்கு உரியது என்ற கேள்வியில் பிறந்தது அது. மத்ஹப் என்பதோ சட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியில் பிறந்தது. சுன்னிகளிடம் இன்று இருப்பவை நான்கு: ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹன்பலி. இந்த நான்கும் ஒரே சட்டமாகச் சுருங்கிப் போகாமல் நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சட்டம் சொல்லும் உரிமையை அரசனிடம் ஒப்படைக்க அறிஞர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு விலையும் கொடுத்தார்கள்.

முதலில் அபூ ஹனீஃபா (699-767). கூஃபா நகரத்துப் பட்டுத்துணி வியாபாரி. கடைத்தெருவில் பழகியவர் ஆதலால் வாங்கல் விற்றலில் வரும் சிக்கல்கள் அவருக்கு அத்துபடி. குர்ஆனிலும் நபிமொழியிலும் நேரடியாக விடை இல்லாத இடத்தில் அறிவைக் கொண்டு ஒப்பிட்டு முடிவு காணும் முறையை வளர்த்தார். கலீஃபா மன்சூர் அவரை நீதிபதியாக்க விரும்பினார். அவர் மறுத்தார். சிறையில் அடைக்கப்பட்டார். 767-ல் பக்தாதில் காலமானார்.

மதீனாவில் இமாம் மாலிக் (711-795). நபிகள் வாழ்ந்த ஊரின் மக்கள் வழிவழியாகச் செய்துவரும் பழக்கமே சிறந்த சான்று என்றவர். அவர் தொகுத்த நூல் முவத்தா. அதைப் படியெடுத்து எல்லா மாகாணங்களுக்கும் அனுப்பி, அதையே ஒரே சட்டமாக்கிவிடலாம் என்று கலீஃபா முன்வந்ததாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. எந்த நூலாசிரியருக்கு அது கசக்கும்? மாலிக் ஒப்பவில்லை. நபித்தோழர்கள் பல நாடுகளுக்குப் பரவிச் சென்றார்கள், அந்தந்த ஊர் மக்கள் தமக்குக் கிடைத்ததைப் பின்பற்றுகிறார்கள், அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்ன காரணம். அவரும் அடி வாங்கியவர்தான். கட்டாயப்படுத்தி வாங்கிய சத்தியம் செல்லாது என்று அவர் சொன்னது, கட்டாயத்தில் பெற்ற ராஜ விசுவாசத்துக்கும் பொருந்தும் அல்லவா? மதீனா ஆளுநர் அவரைச் சவுக்கால் அடித்தார்.

மூன்றாமவர் இமாம் ஷாஃபி. அபூ ஹனீஃபா மறைந்த அதே 767-ல் காஸாவில் பிறந்தவர். மதீனாவில் மாலிக்கிடம் பயின்றார். பிறகு ஈராக்கில் அபூ ஹனீஃபாவின் மாணாக்கர் ஷைபானியிடமும் பாடம் கேட்டார். இரு பக்கத்தையும் உள்ளிருந்து பார்த்தவர். சட்டம் எடுக்கும் முறைக்கே ஓர் இலக்கணம் வேண்டும் என்று ரிஸாலா என்ற நூலை எழுதினார். முதலில் குர்ஆன், அடுத்து நபிவழி, பிறகு சமுதாயத்தின் ஒருமித்த முடிவாகிய இஜ்மா, கடைசியில் ஒப்புநோக்கும் கியாஸ். பின்னாளில் எகிப்துக்குப் போனபோது ஈராக்கில் தாமே சொன்ன பல தீர்ப்புகளை மாற்றிக்கொண்டார். பழைய கூற்று, புதிய கூற்று என்று இரண்டையும் மாணாக்கர்கள் ஒளிக்காமல் பதிந்து வைத்தார்கள். 820-ல் எகிப்திலேயே காலமானார்.

நான்காமவர் அஹ்மத் இப்னு ஹன்பல் (780-855). சோதனையின் உச்சம் அவர் காலத்தில்தான் வந்தது. அப்போது கலீஃபா மஃமூன் ஆட்சி. கிரேக்க நூல்களை அரபியில் பெயர்க்க ஊக்கம் கொடுத்த, அறிவுக்குப் பெயர் போன மன்னர். அவருக்குப் பிடித்திருந்தது முஃதஸிலாக்களின் கொள்கை. பகுத்தறிவை முன்னிறுத்திய அவர்கள், குர்ஆன் இறைவனால் படைக்கப்பட்டது என்றார்கள். படைக்கப்பட்டதல்ல, இறைவனின் பேச்சு என்றார்கள் நபிமொழி அறிஞர்கள். 833-ல் மஃமூன் ஓர் ஆணை போட்டார். நீதிபதிகளும் அறிஞர்களும் அவருடைய கொள்கையை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். மிஹ்னா என்று வரலாற்றில் இதற்குப் பெயர்.

பலர் பயந்து தலையாட்டினார்கள். அஹ்மத் ஆட்டவில்லை. விலங்கிட்டு மஃமூனிடம் கொண்டு போகும் வழியிலேயே மஃமூன் இறந்த செய்தி வந்தது. அடுத்து வந்த முஃதஸிம் அவரைச் சிறையில் வைத்துச் சவுக்கால் அடிக்கச் செய்தார். குர்ஆனிலிருந்தோ நபிவழியிலிருந்தோ ஒரு சான்று காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன் என்பதுதான் அவருடைய பதில். பின்னர் முதவக்கில் ஆட்சியில் மிஹ்னா கைவிடப்பட்டது. அதே அரண்மனை மரியாதையும் பணமும் கொடுக்க வந்தபோது, அஹ்மத் அந்தப் பணத்தைத் தொடவும் தயங்கினார்.

இதில் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பகுத்தறிவு பேசியவர்கள் பக்கம் சவுக்கு இருந்தது. நூல் சொன்னதே போதும் என்றவர் பக்கம் முதுகு இருந்தது. யார் சொன்ன கருத்து சரி என்பது வேறு விவாதம். கருத்தை நிலைநாட்ட அரசன் கையிலிருந்த சவுக்கைக் கடன் வாங்கியது முஃதஸிலாக்களுக்கே கேடாக முடிந்தது. அதன்பின் மார்க்கம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கலீஃபாவை விட்டு அறிஞர்கள் கைக்கு நிலையாகப் போயிற்று.

எல்லாரும் அரசை விட்டு விலகியே நின்றார்கள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆசிரியர் மறுத்த பதவியை மாணாக்கர் அபூ யூசுஃப் ஏற்றார். ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியானார். ஹனஃபி சட்டம் பரவியதில் அந்தப் பதவிக்கும் பங்குண்டு. அதேபோல் மத்ஹபுகளுக்குள் எப்போதும் சமாதானம் நிலவியது என்பதும் இல்லை. நிஷாப்பூர் நகரில் ஹனஃபி, ஷாஃபி பிரிவினர் 12-ஆம் நூற்றாண்டில் தெருவில் இறங்கி மோதி ஊரையே பாழாக்கினார்கள். சிரியாவில் செல்வாக்கோடு இருந்த அவ்ஸாயீ மத்ஹப், வரலாற்றாசிரியர் தபரியின் மத்ஹப் போன்றவை பின்பற்றுவோர் இல்லாமல் மறைந்தே போயின.

இருந்தாலும் காலம் செல்லச் செல்ல, வேறுபாட்டோடு வாழும் வழியையும் கண்டுபிடித்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் கட்டிய முஸ்தன்ஸிரிய்யா கல்விக்கூடத்தில் நான்கு மத்ஹபுகளையும் ஒரே கூரையின்கீழ் கற்பித்தார்கள். 1265-ல் எகிப்து சுல்தான் பைபர்ஸ், மத்ஹபுக்கு ஒருவராக நான்கு தலைமை நீதிபதிகளைக் கெய்ரோவில் நியமித்தார். 1959-ல் அல்-அஸ்ஹரின் தலைவர் ஷல்தூத், ஷியாக்களின் ஜஅஃபரி சட்டமும் பின்பற்றத்தக்கதே என்று தீர்ப்பளித்தார்.

கொர்தோபா நகரின் நீதிபதியாக இருந்த இப்னு ருஷ்த் (1126-1198) மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர். அவர் எழுதிய பிதாயத்துல் முஜ்தஹித் என்ற சட்ட நூலில் ஒவ்வொரு விஷயத்திலும் யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, ஏன் மாறுபட்டார்கள் என்ற காரணத்தையும் எழுதி வைத்தார். அடுத்தவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டால் சண்டை பாதி குறைந்துவிடும். மார்க்கத்துக்கு மட்டுமல்ல, கூட்டுக் குடும்பத்துக்கும் அது பொருந்தும்.