அன்பின்மையா, பகையா? 124-அ பிரிவில் ஒரு சொல்லின் பொருள் வரலாறு

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்த தண்டனைச் சட்ட நகலில் அரசெதிர்ப்புப் பேச்சைத் தண்டிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. 1860-இல் சட்டம் நிறைவேறியபோது அது விடுபட்டது. 1870-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனின் முயற்சியால் 124-அ என்னும் எண்ணுடன் சேர்க்கப்பட்டது. இப்பிரிவு தண்டிக்க முனைந்தது வன்செயலையன்று. சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கத்தின்மீது ‘டிஸஃபெக்‌ஷன்’ என்னும் உணர்ச்சியை எழுப்புவதையே. அச்சொல்லின் பொருள் குறித்த வழக்காடல், அரசை விமரிசிக்கும் உரிமையின் எல்லை குறித்த வழக்காடலாகவும் அமைந்தது.

1891-இல் ‘பங்கபாஸி’ இதழ்மீதான வழக்கில், கல்கத்தா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பெத்தரம் அச்சொல்லுக்கு அன்புக்கு மாறான உணர்ச்சி, அதாவது வெறுப்பு, எனப் பொருள் கொண்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் திலகர்மீதான ‘கேசரி’ வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்ட்ரேச்சி, அது அன்பு இல்லாமையையே குறிக்கும் என்றார். வெறுப்பு, பகை, இகழ்ச்சி முதலியவற்றையும் அவர் அடுக்கிக் கூறினார் என்பது உண்மையே. எனினும் ‘இல்லாமை’ என்னும் தொடக்கமே விவாதத்துக்கு உள்ளானது. பகை, நட்பு, நொதுமல் என மூன்றாகப் பகுப்பது தமிழ் உரைமரபு. பெத்தரத்தின் விளக்கம் பகையை மட்டும் தண்டிக்கிறது. ஸ்ட்ரேச்சியின் விளக்கத்தை அதன் சொல்லளவில் கொண்டால் நொதுமலும் குற்றமாகிறது. அன்னிய ஆட்சியின்மீது குடிகள் அன்பு கொண்டிருப்பதே இயல்புநிலை என்னும் கருத்து அதில் உட்கிடையாக உள்ளது. உணர்ச்சியின் அளவோ, கலகம் விளைந்ததா என்பதோ பொருட்டன்று என்றும் அவர் நடுவர் குழுவுக்கு எடுத்துரைத்தார். ஐரோப்பியர் அறுவர் குற்றம் என்றும், இந்தியர் மூவர் குற்றமன்று என்றும் முடிவு கூறினர். திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

1898-ஆம் ஆண்டுத் திருத்தம் விசுவாசமின்மையையும் எல்லாவகைப் பகையுணர்ச்சிகளையும் அச்சொல்லுள் அடக்கியது. அத்திருத்தப்பட்ட பிரிவின் கீழ்தான் 1908-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, தமிழில் ஆற்றிய உரைகளுக்காகத் திருநெல்வேலியில் இரட்டை நாடுகடத்தல் தண்டனை பெற்றார். பின்னர் மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

பொது அமைதி குலையும் வாய்ப்பு இருந்தாலன்றிக் குற்றமில்லை என 1942-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாரிஸ் குவையர் கூறிய விளக்கத்தை 1947-இல் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. இப்பின்னணியில்தான், அரசியலமைப்பு வரைவின் 13-ஆம் உறுப்பில் பேச்சுரிமைக்கு வரம்பாக இருந்த ‘செடிஷன்’ என்னும் சொல்லை நீக்குமாறு 1948 டிசம்பரில் கே.எம்.முன்ஷி திருத்தம் கொண்டுவந்தார். நீக்கப்பட்ட ஒரு சொல்லுக்கும் சட்டப் பயன் உண்டு என்பதை அடுத்து வந்த சென்னை வழக்கு காட்டிற்று. பம்பாயில் வெளியான ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை அரசு, 1949-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் மாகாணத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. அத்தடையை 1950 மே மாதம் உச்சநீதிமன்றம் நீக்கியபோது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி, வரைவிலிருந்து அச்சொல் நீங்கியதையே ஒரு சான்றாகக் கொண்டார். மறு ஆண்டே முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதைப் பேச்சுரிமையின் வரம்புகளுள் சேர்த்தது.

கேதார்நாத் சிங் வழக்கில் (1962) 124-அ பிரிவு செல்லும் எனக் கூறிய உச்சநீதிமன்றம், குவையரின் விளக்கத்தை மீட்டதோடு, சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கம் வேறு, அப்போதைக்கு ஆட்சி நடத்துவோர் வேறு எனவும் பிரித்தது. தமிழ் வழக்கில் இவ்வேறுபாடு மங்கியே உள்ளது. முற்காலத்தில் வழங்கிய ‘இராஜத்துரோகம்’, ‘இராஜநிந்தனை’ ஆகியவற்றில் அரசே இலக்கு. அண்மைக்கால இதழ்களோ 124-அ வழக்குகளைத் ‘தேசத்துரோக வழக்கு’ என எழுதின. பிரிவு குறித்ததோ அரசாங்கத்தையே, தேசத்தையன்று. அரசாங்கத்தை எதிர்த்தவர் நாட்டுக்கே பகைவர் என்னும் தீர்ப்பை, வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே இம்மொழிபெயர்ப்பு வழங்கிவிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் ‘டிஸஃபெக்‌ஷன்’ இல்லை; இறையாண்மையும் ஒருமைப்பாடும் அரசாங்கத்தின் இடத்தில் நிற்கின்றன. ஆனால் பிரிவினைச் செயல்களின் ‘உணர்வுகளை’ ஊக்குவித்தல் என்னும் தொடர் அதில் உள்ளது. அவ்வுணர்வுகள் எவை என்பதற்கு அப்பிரிவு வரையறை எதனையும் தரவில்லை.