மொழி எல்லைகளைக் கடந்த மென்குரல்: பி. பி. ஸ்ரீநிவாஸின் இசைவாழ்வும் எல்லைப்புறக் கேட்பு மரபும்

ஆய்வுச்சுருக்கம்

தென்னிந்தியத் திரையிசை வரலாறு பெரும்பாலும் மொழிவாரியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பல மொழிகளில் ஒருசேரப் பாடிய கலைஞர்களின் பணி இம்முறையால் துண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. காதல் மெல்லிசைப் பாடல்களால் அறியப்பட்ட பின்னணிப் பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸின் (1930–2013) வாழ்வையும் பணியையும் சூளகிரி, ஓசூர் வட்டாரத்தின் பன்மொழிச் சூழலில் வைத்து நோக்குவதன் வழி, ஒரு குரல் எந்த மொழிக்கு உரியது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பின்னணிப் பாடல், மெல்லிசை, பன்மொழியம், எல்லைப்புறம், ராஜ்குமார், ஜெமினி கணேசன்.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சூளகிரி, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் இவ்வட்டாரத்தின் வீட்டிலும் சந்தையிலும் புழங்குகின்றன. 1956ஆம் ஆண்டின் மொழிவாரி மாநிலச் சீரமைப்புக்குப் பின்னரும் ஓசூர்ப் பகுதி சென்னை மாநிலத்தின் சேலம் மாவட்டத்திலேயே தொடர்ந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லை வரையப்பட்டது. ஒலிக்கு அவ்வெல்லை பொருந்தவில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே. பெங்களூரு வானொலியும் சென்னை வானொலியும் ஒரே பெட்டியில் திருப்பப்படத்தக்க நிலையில், ஒரே குரலை இரு மொழிகளிலும் கேட்கும் வாய்ப்பு இங்குள்ளோர்க்கு இயல்பாக அமைந்தது. அத்தகைய குரல்களுள் தலையாயது ஸ்ரீநிவாஸின் குரல்.

பிறப்பும் தொடக்கமும்

பிரதிவாதி பயங்கரம் ஸ்ரீநிவாஸ் 1930 செப்டம்பர் 22ஆம் நாள் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் தெலுங்கு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். ‘பிரதிவாதி பயங்கரம்’ என்பது காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய வைணவ ஆசாரிய மரபைக் குறிக்கும் குடிப்பெயர். வணிகவியலில் பட்டமும் இந்தியில் விசாரத் தேர்ச்சியும் பெற்றிருந்த அவரை, ஜெமினி நிறுவனத்தில் இசைப்பணி ஆற்றிய வீணைக் கலைஞர் ஈமனி சங்கர சாஸ்திரி திரையுலகிற்கு அழைத்து வந்தார். எஸ். எஸ். வாசனின் ‘மிஸ்டர் சம்பத்’ (1952) என்னும் இந்திப் படத்தில் அவர் குரல் முதலில் ஒலித்தது. அடுத்த ஆண்டில் ஆர். நாகேந்திர ராவ் இயக்கத்தில் தமிழில் ‘ஜாதகம்’ எனவும் கன்னடத்தில் ‘ஜாதக பல’ எனவும் தெலுங்கிலும் உருவான படத்தில் பாடினார். ஆக, பன்மொழிப் பணி அவர் வாழ்வில் பின்னர் வந்து சேர்ந்த விரிவு அன்று, தொடக்கமே அதுதான். 1950களின் சென்னை, நான்கு தென்மொழிப் படங்களும் ஒரே கூடங்களில் உருவான நகரமாக விளங்கியமையே இதற்கு அடிப்படைக் காரணம்.

தமிழில் மென்குரலின் இடம்

மேடை நாடக மரபிலிருந்து திரைக்கு வந்த தொடக்ககாலப் பாடகர்கள் உச்சத் தாயியில் உரக்கப் பாடினர். ஒலிவாங்கியின் நுட்பம் வளர்ந்தபோது, காதோடு பேசுவது போன்ற பாடுமுறைக்கு வாய்ப்புப் பிறந்தது. இந்தியில் தலத் மஹ்மூதும், தமிழில் ஏ. எம். ராஜாவும் அம்முறையின் முன்னோடிகள். 1960களின் தொடக்கத்தில் ராஜா பாடுவது குறைந்தபோது, ஜெமினி கணேசனுக்குரிய குரலாக ஸ்ரீநிவாஸ் நிலைபெற்றார். டி. எம். சௌந்தரராஜனின் குரல் வீறும் கம்பீரமும் கொண்டதாய் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் பொருந்தியது. ஸ்ரீநிவாஸின் குரலோ தயங்கும் காதலனுக்கும் தன்னுள் பேசிக்கொள்ளும் மனிதனுக்கும் உரியதாயிற்று.

‘பாவ மன்னிப்பு’ (1961), ‘போலீஸ்காரன் மகள்’ (1962), ‘வீரத்திருமகன்’ (1962), ‘காதலிக்க நேரமில்லை’ (1964), ‘ராமு’ (1966) ஆகிய படங்களின் பாடல்கள் இந்நிலையை உறுதிப்படுத்தின. இவற்றுள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையின் பங்கு பெரிது. கீழ்த் தாயியில் தளராமல் நிற்பதும், கமகங்களைக் குறைத்துச் சொல்லின் பொருளை முன்னிறுத்துவதும் அவருடைய பாடுமுறையின் இயல்புகள். காதற்பாடல்களே அவருக்குப் புகழ் தந்தன எனினும், ஆறுதல் கூறும் தனிப்பாடல்களிலும் அம்மென்மை பயன்பட்டது. ஸ்ரீதரின் ‘சுமைதாங்கி’ (1962) படத்திற்காகக் கண்ணதாசன் எழுதி அவர் பாடிய பாடல், சென்னையை விட்டுத் திரும்ப எண்ணியிருந்த தம்மைத் தடுத்து நிறுத்தியதாகக் கவிஞர் வாலி பின்னாளில் கூறியுள்ளார்.

கன்னடத்தில் ஒரு நாயகனின் குரல்

தமிழில் பலருள் ஒருவராக விளங்கிய ஸ்ரீநிவாஸ் கன்னடத்தில் வேறொரு தகுதியைப் பெற்றார். ‘பக்த கனகதாச’ (1960) படத்திற்குப் பின் அவர் ராஜ்குமாரின் நிலையான குரலானார். ‘கஸ்தூரி நிவாச’ (1971), ‘பங்காரத மனுஷ்ய’ (1972) ஆகியவற்றில், ஜி. கே. வெங்கடேஷ் இசையில், அக்குரல் நாயகனின் உருவத்தினின்று பிரிக்க இயலாததாக ஒன்றிப்போனது. தமிழில் மென்மையைச் சுட்டிய அதே குரல் கன்னடத்தில் அறத்தையும் பெருந்தன்மையையும் சுட்டிற்று. குரலின் பொருள் குரலில் மட்டும் இல்லை; அது எந்த உடலோடும் எந்தக் கதைமரபோடும் இணைகிறதோ அதனாலும் அமைகிறது என்பதற்கு இது சான்று.

இங்கு எல்லைப்புற வரலாறு மீண்டும் குறுக்கிடுகிறது. ராஜ்குமார் பிறந்த காஜனூர், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியில் உள்ளது. கன்னட அடையாளத்தின் திருவுருவாகப் போற்றப்பட்டு, 1982இல் கோகாக் மொழிப் போராட்டத்தில் முன்னின்ற நாயகர் தமிழ்நாட்டு எல்லையில் பிறந்தவர். அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் போலக் குரல் தந்தவர் சென்னையில் வாழ்ந்த தெலுங்கர். தனித்தன்மை வாய்ந்தது எனக் கருதப்படும் மொழி அடையாளம், பிறமொழியாளரின் உழைப்பையும் தன்னுள் கொண்டே உருவாகிறது.

1974இல் ‘சம்பத்திகெ சவால்’ படத்தில் ராஜ்குமார் தாமே பாடிய பாடல் பெருவெற்றி பெற்றது. அதன்பின் அவர் தம் பாடல்களைத் தாமே பாடலானார். தமிழிலும் 1960களின் இறுதியில் எஸ். பி. பாலசுப்ரமணியம், கே. ஜே. யேசுதாஸ் ஆகியோர் வருகையால் வாய்ப்புகள் குறைந்தன. இரு மொழிகளிலும் அவருடைய இறங்குமுகம் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தமை, மொழிவாரி வரலாறுகளைத் தனித்தனியே படிப்போர்க்குப் புலப்படுவதில்லை.

ஒலிப்பும் எழுத்தும்

தமிழில் வல்லின எழுத்துகள் இடம்நோக்கி ஒலிப்பு மாறுவன. கன்னடத்திலும் தெலுங்கிலும் அவ்வேறுபாடுகளுக்குத் தனி எழுத்துகளும் மூச்சொலி மெய்களும் உண்டு. தமிழின் ழகரமோ அவ்விரு மொழிகளின் இன்றைய வழக்கில் இல்லை. இவ்வேறுபாடுகளை உணர்ந்து பாடியதனாலேயே ஒவ்வொரு மொழியினரும் அவரைத் தம்மவராகக் கொண்டனர். மலையாளத்தில் ‘நிணமணிஞ்ஞ கால்பாடுகள்’ (1963), இந்தியில் லதா மங்கேஷ்கருடன் பாடிய ‘மைம் பீ லட்கீ ஹூம்’ (1964) ஆகியவற்றின் பாடல்களும் குறிப்பிடத்தக்கன.

வாய்ப்புகள் குறைந்த பின்னர் அவர் கவிஞராகச் செயற்பட்டார். எட்டு மொழிகளில் எழுதிய கவிதைகள் ‘பிரணவம்’ என்னும் நூலாயின. உருதுவில் கஜல்களும் இயற்றினார். சட்டைப்பையில் பல வண்ண எழுதுகோல்களுடன் சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் அமர்ந்து எழுதும் அவருடைய தோற்றம் நகரத்தார்க்குப் பழகிய காட்சி. தமிழ்நாடு அரசு கலைமாமணி விருதையும் கர்நாடக அரசு ராஜ்யோத்சவ விருதையும் அளித்தன. 2013 ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, சென்னையில் மறைந்தார்.

முடிவுரை

தமிழ்த் திரையிசை வரலாறு ஸ்ரீநிவாஸை ஜெமினி கணேசனின் குரலாகவும், கன்னட வரலாறு ராஜ்குமாரின் குரலாகவும் பதிவு செய்கின்றன. இரண்டும் உண்மை, இரண்டும் பாதி. முழுமையான ஸ்ரீநிவாஸ் இவ்விரு வரலாறுகளுக்கும் இடையிலேயே நிற்கிறார். சூளகிரி போன்ற எல்லைப்புற ஊர்களின் கேட்பு அனுபவம் இவ்விரு பாதிகளையும் இணைக்கவல்லது. அவ்வூர்களின் திரையரங்க நினைவுகள், வானொலிக் கேட்பு, திருமண விழா ஒலிபெருக்கிப் பாடல்கள் ஆகியன வாய்மொழித் தரவுகளாகத் திரட்டப்பட வேண்டும். அக்காலத்தில் கேட்டவர்கள் முதுமையை எட்டிவிட்டனர். தொழிற்பேட்டைகளின் பெருக்கத்தால் வட்டாரத்தின் மக்கள்தொகையும் மொழிச்சூழலும் மாறிவருகின்றன. ஆதலின் இப்பணி காலம் தாழ்த்தாது மேற்கொள்ளப்படுதல் இன்றியமையாதது. பாடியோரின் மொழிப்பட்டியலோடு கேட்டோரின் மொழிவாழ்வும் சேர்த்து எழுதப்படும்போதே தென்னிந்திய மெல்லிசையின் வரலாறு நிறைவுபெறும்.