வைகைக் கரை மனிதர்கள் – 7: ஓராண்டு மௌனம்

டாக்டர் சௌந்தரராஜனைப் பிளேக் பற்றிக்கொண்ட செய்தியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

மதுரையில் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து வந்தவரை, அவர் எதிர்த்து நின்ற நோயே சாய்த்துவிட்டது. அன்று பிளேக்குக்குத் திடமான மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1943-ல்தான். தன் முடிவு என்னவென்று டாக்டருக்குத் தெரிந்திருந்தது. இளம் மனைவி சௌந்தரத்திடம் இரண்டு காரியங்கள் கேட்டார். நீ மருத்துவம் படிக்க வேண்டும். நீ மறுபடியும் திருமணம் செய்துகொள்ள வேண்டும்.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் காலத்து வைதிகக் குடும்பத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்பதை நம் பாட்டிகளின் பாட்டிகள் அறிவார்கள். தலை மழிப்பு, நார்மடி, ஒருவேளைச் சோறு, சுபகாரியங்களில் பின்கட்டு. விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த வழியில் ஊர் வரவில்லை. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கென விடுதி நடத்திப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்புக்கே எதிர்ப்பு இருந்த நாளில், மறுமணம் என்பது வாய்விட்டுச் சொல்லக்கூடாத சொல்.

சௌந்தரம் யார் மகள் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1911-ல் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் அவர். கட்டை வண்டி மட்டுமே போய்வந்த சாலைகளில் பேருந்து விட்டவர் அந்தத் தந்தை. மகளின் சாலையையும் அவர் அடைக்கவில்லை. மதுரை வீட்டிலிருந்து சௌந்தரம் டெல்லிக்கு ரயிலேறினார். பெண்களுக்கென்றே இருந்த லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது.

கணவர் கேட்டதில் முதல் காரியம் தொடங்கிவிட்டது. இரண்டாவது?

*

டெல்லிக் கதைக்கு முன் திருக்குறுங்குடிக்கு ஒரு நடை போய்வருவோம். சுந்தரம் ஐயங்கார் பெயருக்கு முன் நிற்கும் டி.வி. என்ற எழுத்துகளில் முதல் எழுத்து அந்த ஊர்தான். நம்பிராயர் குடிகொண்ட அந்தத் திவ்ய தேசத்தில், கார்த்திகை மாத ஏகாதசி இரவில் கைசிக புராணம் இன்றும் நாடகமாக நடிக்கப்படுகிறது.

பாணர் குலத்துப் பாடகன் நம்பாடுவான். கோயிலுக்குள் நுழைய அவனுக்கு உரிமை இல்லை. வெளியே நின்று பாடுவான். ஓர் ஏகாதசி இரவில் பிரம்மராட்சசன் ஒருவன் வழிமறிக்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று நம்பாடுவான் வாக்குக் கொடுக்கிறான். அவன் பாட, பெருமாளைக் காண்பதற்காகக் கொடிமரம் விலகி வழிவிடுகிறது. தரிசனம் கிடைத்தபின் தப்பி ஓடியிருக்கலாம். அவனோ சொன்ன சொல்லுக்காகத் திரும்பி நடக்கிறான். கைசிகப் பண்ணில் பாடிய பாட்டின் பலனைக் கொடுத்து, ராட்சசனுக்கும் சாபவிமோசனம் தருகிறான்.

பக்தி, இசை, சாதியின் கதவு, காத்த வாக்கு. சௌந்தரத்தின் தந்தைவழி ஊர் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் கதையில் இந்த நான்கும் உண்டு. அவருடைய வாழ்வில் இந்த நான்கும் மீண்டும் ஒரே இடத்தில் வந்து சேரப்போகின்றன.

*

லேடி ஹார்டிஞ்சில் உடன் படித்தவர்களில் ஒருவர் சுசீலா நய்யார். காந்தியின் செயலாளர் பியாரேலாலின் தங்கை. பின்னாளில் காந்தியின் மருத்துவரும் ஆனார். அந்தத் தோழமை சௌந்தரத்தைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. 1936-ல் அவர் டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார். முதல் வாக்கு நிறைவேறிவிட்டது. கதர், அரிஜன சேவை, கிராமம் என்று வாழ்க்கையின் திசையும் முடிவாகிவிட்டது.

அந்தத் திசையில்தான் ஜி. இராமச்சந்திரன் எதிரே வந்தார்.

1904-ல் பிறந்தவர் இருவரும். திருவிதாங்கூர் மலையாளி அவர். தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். மரத்தடி வகுப்பும் பாட்டும் ஓவியமுமாக வளர்ந்த மாணவர், 1924-ல் டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதம் முடித்திருந்த காந்தியைச் சந்தித்து, கலையைப் பற்றித் துணிந்து கேள்விகள் கேட்டார். அழகு பெரிதா, உண்மை பெரிதா என்ற அந்த உரையாடல் 'யங் இந்தியா' இதழில் வெளியாகி இன்றுவரை பேசப்படுகிறது. கவிகுருவின் இசையையும் காந்தியின் இராட்டையையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டவர். வைக்கம் சத்தியாக்கிரகத்திலும் நின்றவர்.

ஐயங்கார் வீட்டுப் பெண். அதுவும் விதவை. மணக்க விரும்பியவரோ வேறு சாதி, வேறு மொழி. வயதும் முப்பதைக் கடந்துவிட்டது. அக்காலக் கணக்கில் பேரக்குழந்தைக்குக் காத்திருக்கும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். செய்தி காந்தியிடம் போயிற்று.

காந்தி சம்மதித்தாரா? உடனே சம்மதிக்கவில்லை. ஒரு நிபந்தனை வைத்தார். ஓராண்டு பிரிந்திருங்கள். சந்திக்க வேண்டாம், கடிதமும் வேண்டாம். அதன் பிறகும் இதே மனம் இருந்தால் மணந்துகொள்ளுங்கள்.

காதலிப்பவர்களுக்குக் கடிதம்கூட இல்லாத ஓராண்டு எத்தனை நீளம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மதுரையோ அந்தக் காலத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. 1939 ஜூலை 8-ல் அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். நம்பாடுவானுக்கு விலகிய கொடிமரம், மதுரையில் மனிதர்களின் துணிவால் விலகியது. கோயில் கதவு திறந்தது. வீட்டுக் கதவு திறக்குமா?

*

ஆண்டு முடிந்தது. இருவர் மனமும் மாறவில்லை.

1940 நவம்பர் 7 அன்று காந்தியின் ஆசியோடு சௌந்தரமும் இராமச்சந்திரனும் மணந்துகொண்டார்கள். காந்தி நூற்ற நூலில் நெய்த புடவை மணமகளுக்கு. கஸ்தூரிபா நூற்ற நூலில் நெய்த வேட்டி மணமகனுக்கு. வேறு சீர் எதுவும் அந்தத் திருமணத்துக்குத் தேவைப்படவில்லை. மரணப் படுக்கையில் ஒரு டாக்டர் கேட்ட இரண்டாவது வாக்கும் நிறைவேறியது.

இந்த இடத்தில் என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் கணவரை மறந்துதான் இரண்டாவது திருமணம் நடக்கும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சௌந்தரத்தின் வாழ்க்கை அதை மறுக்கிறது. இறந்தவரின் விருப்பத்தைக் காப்பாற்றியே அவர் இருப்பவரின் கையைப் பிடித்தார். காந்தியின் சோதனைக்கும் தலைவணங்கி, தன் மனத்தையும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். நம் வீடுகளில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு, வயதைக் காட்டி எந்தக் கதவையும் அடைக்க நமக்கு உரிமை இல்லை.

மணமாகி இரண்டு ஆண்டுகளில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம். 1944 பிப்ரவரி 22-ல், புனே ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா கண்மூடினார். மணமகனின் வேட்டிக்கு நூல் தந்த கை ஓய்ந்தது. அவர் பெயரால் கிராமப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் நாடு முழுவதும் நிதி திரண்டது. அந்த நிதியில் அமைந்த அறக்கட்டளையின் தென்னிந்தியப் பொறுப்பு, நாற்பது வயதான டாக்டர் சௌந்தரத்திடம் வந்து சேர்ந்தது.

1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கு வந்தார். தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லாத காலத்தில் நுழைய மறுத்திருந்த மீனாட்சியம்மன் கோயிலில் அன்று வழிபட்டார். பழனிக்கும் போனார். அடுத்த ஆண்டே, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், சிறுமலை அடிவாரத்தில், அம்பாத்துரை ரயில் நிலையத்தை அடுத்த நிலத்தில் அந்தத் தம்பதி வந்து நின்றார்கள். பக்கத்தில் சின்னாளபட்டியின் தறிகள். சுற்றிலும் மானாவாரிப் பூமி. இன்று பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் நிற்கும் காந்திகிராமம் அன்று அவர்கள் மனத்தில் மட்டும் இருந்தது.

முதலில் எழுந்தது பள்ளிக்கூடமா, நூற்பு நிலையமா, மருத்துவமனையா? அந்த முதல் நாட்களைக் காண, அடுத்த வாரம் சின்னாளபட்டிக்குப் போவோம்.

(தொடரும்)