பெயர் ஃபிலே, நிற்பதோ அகில்கியா: எகிப்தில் இடம் மாறிய ஐசிஸ் கோயில்

எகிப்துக்குப் போகிறவர்கள் பிரமிடுகளைப் பார்த்துவிட்டு, லக்சோரிலிருந்து நைல் நதியில் கப்பலேறி அஸ்வான் நகரம் வரை செல்வது வழக்கம். அந்நகருக்குச் சற்றுத் தெற்கே, ஆற்றின் நடுவில் ஃபிலே கோயில் இருக்கிறது. ஐசிஸ் என்னும் பெண் தெய்வத்துக்காக எழுந்த கோயில் இது. இன்று காண்பதில் பெரும்பகுதி தாலமி மன்னர்களும் அவர்களுக்குப் பின் ரோமானியப் பேரரசர்களும் கட்டியது.

பெயர்தான் ஃபிலே. கோயில் நிற்பது அகில்கியா என்ற வேறொரு தீவில்.

1902இல் அஸ்வானில் முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது. பிறகு அதை இரண்டு முறை உயர்த்தினார்கள். அதனால் ஆண்டின் பெரும்பகுதி கோயில் நீருக்குள் கிடந்தது. தூண்களின் தலைப்பகுதிக்கிடையே படகில் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. சுவரில் இருந்த பழைய வண்ணங்கள் கரைந்து போயின. 1960களில் பேரணை வந்தபோது கோயில் இரண்டு அணைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

யுனெஸ்கோவின் முயற்சியில் தீவைச் சுற்றி இரட்டை இரும்புச் சுவர் எழுப்பி, இடையில் மணலைக் கொட்டி, உள்ளே இருந்த நீரை இறைத்து வெளியேற்றினார்கள். கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து எண் இட்டார்கள். உயரமான அகில்கியா தீவைப் பழைய தீவின் வடிவத்துக்குச் செதுக்கி, அங்கே மீண்டும் அடுக்கினார்கள். 1980இல் கோயில் திறக்கப்பட்டது. பழைய நீர்மட்டம் விட்டுச்சென்ற கறையை இன்றும் கற்களில் காணலாம்.

பார்க்க வேண்டியவற்றில் ஹேட்ரியன் வாசலுக்கு முதலிடம் தரலாம். வழிகாட்டிகள் சிலர் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். நின்று பார்க்க வேண்டும். கி.பி. 394, ஆகஸ்டு 24ஆம் தேதி பூசாரி ஒருவர் அங்கே செதுக்கியதுதான், காலம் தெரிந்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் கடைசி. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த எழுத்து அத்துடன் ஓய்ந்தது. அந்த எழுத்தை 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் படிக்க உதவியவற்றுள் இதே ஃபிலேயின் ஒரு கல்தூணும் உண்டு. கிளியோபாட்ரா என்ற பெயர் அதில் இருந்தது. அந்தத் தூண் இப்போது இங்கிலாந்தில், ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தில் நிற்கிறது.

6ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கோயிலை மூட வைத்தார். உள்ளே தேவாலயம் அமைந்தது. தூண்களில் செதுக்கிய சிலுவைகளும் உளியால் சிதைக்கப்பட்ட தெய்வ முகங்களும் அக்காலத்து அடையாளங்கள்.

கோயிலுக்குப் படகில் மட்டுமே போக முடியும். நுழைவுச்சீட்டில் படகுக் கட்டணம் அடங்காது. போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறுவதற்கு முன்பே விலை பேசிக்கொள்வது நல்லது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அப்போதும் காலையிலேயே போய்விடுவது நல்லது.

படகோட்டுபவர்களும் துறையில் பாசிமணி மாலை விற்பவர்களும் பெரும்பாலும் நூபியர்கள். அஸ்வானுக்குத் தெற்கே நைல் கரையெங்கும் வாழ்ந்த மக்கள் இவர்கள். பேரணையின் நீர் அவர்களுடைய ஊர்களையும் மூழ்கடித்தது. 1963, 1964ஆம் ஆண்டுகளில் எகிப்துப் பகுதியில் மட்டும் சுமார் 50,000 பேர் வடக்கே கோம் ஓம்போ பக்கம் குடியேற்றப்பட்டார்கள். புதிய குடியிருப்புகளுக்குப் பழைய ஊர்ப்பெயர்களையே வைத்தார்கள். ஆனால் ஆற்றங்கரை கிடைக்கவில்லை. பேரீச்சை மரங்களும் முன்னோரின் புதைகுழிகளும் நீருக்கடியில் போயின. கோயிலைத் தூக்கி வைக்கப் பல நாடுகள் பணம் தந்த கதையைச் சொல்லும் பயணக் கையேடுகள் இதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

திரும்பும்போது பழைய தீவு எங்கே என்று படகோட்டியிடம் கேட்டால் காட்டுவார். அந்த இரும்புச் சுவரின் துருப்பிடித்த மிச்சங்கள் இன்னும் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன.