சீட் பெல்ட் வந்த கதை: காப்புரிமையை உலகத்துக்கே விட்டுக்கொடுத்த கம்பெனி

திருச்சி: உறையூரில் இருந்து சமயபுரத்துக்கு வாடகை காரில் குடும்பத்தோடு கிளம்பினால் டிரைவர் பெல்ட் போடுவார். பின்சீட்டில் இருப்பவர்களோ, "நமக்கு எதுக்குப்பா?" என்று விட்டு விடுவார்கள். அந்த பெல்ட் உள்பட காரில் இருக்கும் பல வசதிகளுக்கு பின்னால் ஒரு கதை உண்டு.

வைப்பர்

அமெரிக்காவின் அலபாமாவை சேர்ந்தவர் மேரி ஆண்டர்சன். நியூயார்க் போன இடத்தில், கொட்டும் பனியில் டிராம் டிரைவர் முன் கண்ணாடியை திறந்து வைத்து ஓட்டுவதை பார்த்தார். உள்ளே இருந்தபடியே கண்ணாடியை துடைக்கும் கருவிக்கு 1903-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் எந்த கம்பெனியும் அதை வாங்கவில்லை. அவருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை.

செல்ப் ஸ்டார்ட்

முன்பெல்லாம் ஹேண்டிலை சுற்றித்தான் என்ஜினை கிளப்ப வேண்டும். அது எகிறி அடித்தால் கை முறியும். 1912-ல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. உருவாக்கியவர் சார்லஸ் கெட்டரிங். நம்ம ஊரில், 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார்களை தயாரிக்கிறது.

சீட் பெல்ட்

பழைய பெல்ட் இடுப்பில் மட்டும் மாட்டுவது. விபத்தில் அதுவே வயிற்றை நசுக்கியது. போர் விமானங்களுக்கு விமானியை வெளியே தள்ளும் இருக்கை செய்த நில்ஸ் போலின், சுவீடனின் வால்வோ கம்பெனிக்காக 1959-ல் தோளையும் இடுப்பையும் சேர்த்து பிடிக்கும் பெல்ட்டை வடிவமைத்தார். காப்புரிமையை பூட்டி வைக்காமல், எல்லா கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று விட்டது வால்வோ.

ஏர்பேக்

1952-ல் அமெரிக்காவின் ஜான் ஹெட்ரிக் ஓட்டிய கார் பள்ளத்தில் இறங்கியது. அவரும் மனைவியும் நடுவில் இருந்த மகளை கையால் தடுத்து காப்பாற்றினர். அந்த கைக்கு பதிலாக ஒரு காற்றுப்பை இருந்தால்? 1953-ல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். 80 கிலோமீட்டர் வேகத்தை தாண்டினால் பீப் சத்தம் வருவதும் அப்போது வந்ததுதான்.

பின்சீட்டுக்கும் உண்டு

"அதான் ஏர்பேக் இருக்கே" என்று பெல்ட்டை விட்டால் ஆபத்து. உடம்பை பெல்ட் இழுத்து பிடித்தால்தான் பை தாங்கும். பெல்ட் போடாத பின்சீட்காரர் முன்சீட்டில் மோதி, முன்னால் இருப்பவரையும் நசுக்குவார். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தபோது பின்சீட்டில் பெல்ட் போடாமல்தான் இருந்தார். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் சட்டப்படி அபராதம் ரூ.1000.